உள்ளே இருந்த போலீஸ்

"போலீஸ் ஏற்கெனவே இங்க இருக்கா. நீங்கள்ளாம் யாரு?"

மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோபாலன் சார் கேட்டார். சத்தமாகக்கூட இல்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் பேசுகிற மாதிரி அடங்கின குரல்.

கதவுக்கு இந்தப் பக்கம் காக்கி உடுப்பில் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். அவர்களுக்குப் பின்னால் நான். கீழ் வீட்டில் யாரோ மிளகாய் தாளித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி மாடிப்படி வழியாக ஏறி வந்து தொண்டையைக் கமறியது. இருமலை அடக்கிக்கொண்டேன்.

சப்-இன்ஸ்பெக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். உள்ளே போலீஸ் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லையே என்று கேட்பது போலிருந்தது. எனக்கே அது புதுச் செய்தி. ஆனால் சுவர் வழியாக நான் கேட்டுக்கொண்டிருந்த குரல் யாருடையதாக இருக்கும் என்று அப்போதுதான் லேசாகப் பிடிபட்டது.

இந்த வாரம் அதைத்தான் எழுதப்போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அந்த வீட்டில் இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு சுவர், இரண்டு வீடு

அபிராமபுரத்தில் எங்கள் கட்டடம் கொஞ்சம் பழையது. லிஃப்ட் கிடையாது. ஒரு மாடிக்கு இரண்டே வீடு. எங்கள் ஹால் சுவருக்கு அந்தப் பக்கம் கோபாலன் சார் வீட்டு ஹால். சமையலறைக்குப் பின்னால் துணி உலர்த்துகிற சின்னப் பால்கனிகள் இரண்டும் கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரம்.

என் வீட்டுக்காரருக்கு ராயப்பேட்டையில் மெத்தை, தலையணைக் கடை. அவருடைய அத்தா, அதாவது என் மாமனார் காலத்துக் கடை. சாயங்காலம் வீடு திரும்பும்போது சட்டைக் காலரில் எங்கேயாவது ஒரு துளி பஞ்சு ஒட்டியிருக்கும். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

கோபாலன் சார் மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் உயர்ந்த பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருக்கும்போதும் இஸ்திரி போட்ட சட்டைதான். எங்கள் அசோசியேஷனுக்கு அவர்தான் செகரட்டரி. கேட்டில் யார் வந்தாலும் வாட்ச்மேன் பெயர் கேட்டு எழுத வேண்டும் என்று ஏற்பாடு செய்தது அவர். வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் அவருடைய செய்தி ஒன்று வந்து விழும். மோட்டாரை அணைக்க மறக்காதீர்கள், தெரியாத ஆள் தெருவில் சுற்றினால் உடனே சொல்லுங்கள், கூரியர் பையனை மாடிக்கு விடாதீர்கள். படித்துவிட்டுச் சிரிக்கிறவர்களும் உண்டு. நானும் சிரித்திருக்கிறேன்.

அவர் மனைவி வசந்தா மாமி நேர் எதிர். பால்கனியில் நின்று கீரை ஆய்ந்துகொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவார். என்னை நூரு என்று கூப்பிடுவார். என் அம்மாவுக்குப் பிறகு அப்படிக் கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான்.

வேப்பமரத்தடியில் நின்றவர்

கோபாலன் சாரைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், எதிர்ச்சாரியில் இருக்கும் வேப்பமரத்தடியில் ஒரு ஆள் நின்றுகொண்டு எங்கள் கட்டடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மறுநாளும் வந்தார். சார் போலீசுக்குப் போன் பண்ணிவிட்டார். ரோந்து வண்டி வந்து விசாரித்தது. இந்த இடத்தில் முன்பு இருந்த தனி வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தவராம் அவர். வேலைக்கென்று வெளியூர் போய்விட்டுத் திரும்பி வந்தவர், தான் பிறந்த அறை இப்போது எத்தனையாவது மாடியின் எந்த மூலையில் இருக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

போலீஸ் சிரித்துக்கொண்டே போய்விட்டது. அந்த மனிதருக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று. சார் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டார். மேலே அழைத்து வந்து உட்காரவைத்து மோர் கொடுத்தார். அவர் காட்டின ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நிற்கவும் விட்டார்.

பிறகு நான் சாரிடம் சண்டைக்கே போனேன். இப்படியா ஒரு மனிதரை அவமானப்படுத்துவது என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"சந்தேகம்னு வந்துடுத்துன்னா சொல்லிடணும் நூர்ஜஹான். தப்பாப் போச்சுன்னா மன்னிப்புக் கேட்டுக்கலாம். சொல்லாம இருந்து ஏதாவது ஆயிடுத்துன்னா, அப்பறம் யாரண்ட போய்க் கேக்கறது?"

அன்று அவர் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

செல்வி சொன்னது

இந்த விஷயத்தை முதலில் கவனித்தது செல்வி. எங்கள் இரண்டு வீட்டிலும் வேலை செய்கிறவள். அடையாற்றங்கரையில் குடியிருந்த குடும்பம். அங்கிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி வருகிறாள்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த வூட்ல இன்னாமோ கீதும்மா. அய்யரு கதவ ஒரு விரக்கட தொறந்து, ஒரு வாரத்துக்கு வராதன்னு சொல்லிக்கினே மூடிட்டாரு. மாமிய கண்ணுல காட்டல. ஒடம்புக்கு இன்னா சாருன்னு கேட்டா, போ போன்றாரு."

அவள் சொன்ன பிறகுதான் நானும் யோசித்துப் பார்த்தேன். வாட்ஸ்அப் குழுவில் சாரின் செய்தி வரவே இல்லை. மோட்டார் ஓடித் தண்ணீர் வழிந்து வாசல் வரை வந்தபோதும் அவர் எட்டிப் பார்க்கவில்லை. மாமி மத்தியானம் பார்க்கிற சீரியலின் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். அதுவும் இல்லை. மாமி நம்பருக்குப் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. அவர்கள் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். அவள் எண் என்னிடம் கிடையாது.

போய் அழைப்பு மணியை அடித்தேன். வெகுநேரம் கழித்து உள்ளிருந்து சார் யாரு என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"ஒண்ணும் இல்லை. நாங்க நன்னா இருக்கோம். அப்பறம் பேசலாம்."

கதவு திறக்கவில்லை.

பக்கத்தில் ஆள் நிற்கும்போது

எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு முதலில் சொன்னது, இணைப்பைக் கொடுத்துவிட்டால் பேச்சைக் கேட்கக்கூடாது என்பதுதான். ஆனால் இணைப்பு சரியாக விழுந்ததா என்று பார்க்க முதல் சில வார்த்தைகளைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். காதை அழுத்துகிற ஹெட்போனின் ரப்பர் வாசனையோடு அந்த முதல் வார்த்தைகளை எத்தனையோ வருடம் கேட்டிருக்கிறேன். சாவுச் செய்தி சொல்ல வருகிறவர் மூச்சு வேறு. கடன் கேட்க வருகிறவர் மூச்சு வேறு.

பக்கத்தில் யாரோ நிற்க, அவருக்குப் பயந்துகொண்டு பேசுகிறவர் குரல் இது எதிலும் சேராது. ஒவ்வொரு சொல்லையும் ஒரு தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி இருக்கும்.

வாணியம்பாடிக்கு ஒரு பெண் அடிக்கடி டிரங்க் கால் போடுவாள். அம்மா எடுப்பார். நல்லா இருக்கேம்மா என்பாள். அதைச் சொல்கிற விதத்தில், அவள் நன்றாக இல்லை என்பது எங்கள் வரிசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். யாரிடம் சொல்வது? விதி அப்படி. கொஞ்ச காலத்துக்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வருவது நின்றுவிட்டது. வேறு ஊர் போயிருக்கலாம். வீட்டில் வேறு எண் மாற்றியிருக்கலாம். என்ன ஆனாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கோபாலன் சார் சொன்ன 'நன்னா இருக்கோம்' அந்தக் குரலில்தான் இருந்தது.

யாரும் வரவில்லை

அன்று மத்தியானம் ஹாலில் உட்கார்ந்து தலையணை உறைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு அவ்வப்போது செய்து கொடுப்பது வழக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல். சாருடையது இல்லை. இங்கிலீஷும் ஹிந்தியும் கலந்து, அதட்டலாக. நடுநடுவே சார் குரல். எஸ் சார். நோ சார். ஐ வில் டூ சார்.

அவர் வேறொருவரை சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

கீழே இறங்கிப் போய், இரண்டாவது மாடிக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று வாட்ச்மேனைக் கேட்டேன். யாரும் வரலைம்மா என்றார். நேற்று? நேற்றும் இல்லை. சாரைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. ஒரே ஒரு தடவை சார்தான் வெளியே போனாராம். போனைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் பேங்க் பக்கம் போய்விட்டு வந்தாராம்.

திரும்ப வந்து சுவர் பக்கம் நின்றேன். அந்த அதட்டல் குரலுக்கு ஆள் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது. அறைக்குள் நின்று பேசுகிறவன் குரல் அங்கே இங்கே நகரும். இது நகரவில்லை. ஒரே இடத்திலிருந்து, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. தொலைபேசியில் வருகிற குரல்.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கப் பால்கனியில் மாமி துணி எடுக்க வந்தார். நான் ஓடினேன். நாள் கணக்கில் மாற்றாத மாதிரி கசங்கின புடவைதான் உடம்பில் இருந்தது. தலை வாரவில்லை. மாமி என்று கூப்பிட்டேன். அவர் அவசரமாகத் தலையை ஆட்டினார். ஒரு கையால் உள்ளே காட்டி, இன்னொரு கையால் தன் காதைத் தொட்டார். கேக்கறது என்று உதடு மட்டும் அசைந்தது.

உள்ளேயிருந்து மேடம், மேடம் என்று அந்தக் குரல். பாதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு மாமி உள்ளே போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் சாப்பிட வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மகளோடு ஏதாவது மனஸ்தாபமாக இருக்கலாம், சொத்துத் தகராறாக இருக்கலாம், வக்கீல் யாராவது பேசிக்கொண்டிருக்கலாம். அடுத்தவர் வீட்டு வாசலில் போலீசைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

"அவர் செகரட்டரி, நூர். காலத்துக்கும் பக்கத்துல இருக்கணும்."

"தப்பா இருந்தா மன்னிப்புக் கேட்டுக்கறேங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

மொட்டை மாடியில்

எங்கள் ஹாலில் பேசினால் அங்கே கேட்கும். அதனால் மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர் தொட்டி நிழலில் நின்றுகொண்டு அவசர எண்ணுக்குப் போட்டேன். வெயிலில் தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது.

எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள். என்ன நடக்கிறது என்றாள். அங்கேதான் எனக்குத் தடுமாற்றம். திருடனைப் பார்த்தேனா? இல்லை. அடிதடியா? இல்லை. கத்தினார்களா? இல்லை.

"என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியலம்மா. ஆனா தினமும் நடக்கிற எதுவும் அந்த வீட்டுல நடக்கல" என்றேன்.

பிறகு பார்த்ததை மட்டும் வரிசையாகச் சொன்னேன். கதவைத் திறக்காதது, வேலைக்காரியை நிறுத்தியது, ஆள் வராமலே கேட்கிற அதட்டல் குரல், மாமி காதைத் தொட்டுக் காட்டியது, சார் போனைப் பையில் காட்டிக்கொண்டு பேங்குக்குப் போனது. என் ஊகம் எதையும் சேர்க்கவில்லை. கடைசி விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் குரல் மாறியது. நீங்கள் தனியாகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள், ஆள் வருகிறது என்றாள்.

வந்தவர்தான் அந்தச் சப்-இன்ஸ்பெக்டர். கலைவாணி என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் கடைசித் தம்பியின் மகள் வயதுதான் இருக்கும்.

கதவு

போலீஸ் ஏற்கெனவே இருக்கா என்று சார் சொன்னதைக் கேட்டதும் கலைவாணி கதவிலிருந்து இரண்டடி தள்ளி வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம், பின்பக்கமாக அந்த அம்மாவிடம் பேச முடியுமா என்று கேட்டார். உள்ளே இருப்பது போனில் வீடியோவில் வந்து மிரட்டுகிற ஆட்கள், போலீஸ் வேஷம் போட்டுக்கொண்டு வயதானவர்களை வீட்டுக்குள்ளேயே கைது பண்ணி வைத்திருப்பதாகச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்றார். கதவை உடைக்கலாம், ஆனால் இவர் பயத்தில் ஏதாவது செய்துகொண்டுவிட்டால் என்ன செய்வது என்றும் சொன்னார்.

நான் எங்கள் வீட்டுக்குள் ஓடிப் பால்கனிக்குப் போனேன். மாமி சமையலறை வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மணிச் சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும்.

"மாமி, வாசல்ல நிக்கிறதுதான் நிஜப் போலீஸ். நான்தான் கூப்பிட்டேன். நீங்க போய்க் கதவைத் திறங்க."

மாமி என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் என் முகத்தில் பார்த்ததையெல்லாம் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு திரும்பி உள்ளே நடந்தார்.

மேடம், சிட் டவுன் என்று அந்தக் குரல் கத்தியது. வசந்தா, வேண்டாம் என்று சார் கெஞ்சினார். தாழ்ப்பாள் இழுபடுகிற சத்தம் கேட்டது.

நான் வாசலுக்கு வந்தபோது கலைவாணி உள்ளே போயிருந்தார். ஜன்னல்களில் எல்லாம் திரை. சாப்பாட்டு மேஜைமேல் ஒரு எவர்சில்வர் டப்பாவில் சாய்த்துவைத்த போன். அதன் திரையில் காக்கிச் சட்டை போட்ட ஓர் இளைஞன், அவனுக்குப் பின்னால் கொடி. மேஜைக்கு முன்னால் கோபாலன் சார் நேராக நிமிர்ந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த மேஜையை அவர் வீட்டு மேஜை என்றே சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் கண்டிக்கக் கூப்பிடப்பட்ட பையன் மாதிரி இரண்டு கையும் முழங்கால்மேல்.

கலைவாணி போனுக்கு நேராகக் குனிந்து, தன் பெயரையும் ஸ்டேஷனையும் சொல்லி, நீங்கள் எந்த ஸ்டேஷன் என்று கேட்டார். திரை கறுத்துப்போயிற்று.

சார் எழுந்து நின்றுவிட்டார். "கட் ஆயிடுத்தே. இனிமே அவா நேரா வந்து என்னை இழுத்துண்டு போயிடுவா."

"சட்டத்துல அப்படி ஒரு கைது கிடையவே கிடையாது சார்" என்றார் கலைவாணி.

சார் நம்பவில்லை. அவருடைய அடையாள அட்டையைக் கேட்டார். கலைவாணி கொடுத்தார். சார் அதை வாங்கிக்கொண்டு ஜன்னலருகே போய், திரையை விலக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கான்ஸ்டபிளுக்குப் பொறுமை போய்விட்டது. கலைவாணி கையமர்த்தினார்.

"எவ்ளோ நேரம் வேணும்னாலும் பாருங்க சார். தப்பில்ல."

அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது சாருக்குக் கண் கலங்கியிருந்தது. மாமி சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பேச்சில்லாத வீடு

அனுப்பிய பணம் போனதுதான். அன்று சாயங்காலம் அனுப்புவதாக இருந்தது மட்டும் தப்பியது. ஏதோ பார்சலில் போதைப்பொருள், உங்கள் ஆதார் எண், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று ஆரம்பித்திருக்கிறார்கள். பிறகு அவர்கள் அனுமதி இல்லாமல் எழுந்திருக்கக்கூடாது, தூங்கக்கூடாது.

கட்டடத்தில் எல்லாரும் ஆறுதலாகத்தான் பேசினார்கள். படித்த மனுஷர் என்று இழுத்தவர்களும் உண்டு. சார் செகரட்டரி பொறுப்பை விட்டுவிட்டார். காலையில் நடக்கப் போவதில்லை. படியில் என்னைப் பார்த்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவார். நன்றியும் சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை.

எனக்கு விளங்காமல் இருந்தது மாமிதான். சமைப்பார், பரிமாறுவார். ஆனால் சாரோடு பேச்சு இல்லை. சுவர் வழியாகச் சீரியல் சத்தம் திரும்ப வந்தது. இருவரும் பேசிக்கொள்கிற சத்தம் வரவில்லை. பணம் போன வருத்தம் என்று நினைத்தேன். ஒருநாள் பால்கனியில் அப்படியே கேட்டும் விட்டேன்.

"பணம் என்ன பணம், நூரு" என்றார் மாமி. ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டார்.

ஸ்டேஷனிலிருந்து வாக்குமூலம் கொடுக்க வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். சார் எந்தப் புது எண்ணையும் எடுப்பதில்லை. கடைசியில் கலைவாணி எனக்குப் போன் பண்ணி, சாரிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். சார் தரையைப் பார்த்தபடி, "நீங்க கூட வரேளா?" என்று கேட்டார். மாமி வரமாட்டேன் என்றுவிட்டார்.

ஆட்டோவில் போகும்போது அவராகவே ஒன்று சொன்னார். "நீங்க மணி அடிச்சப்போ கதவைத் திறந்திருப்பேன். பக்கத்தாத்துல யார், என்ன பேருன்னு அவன் கேட்டிருந்தான். உங்களையும் இதுல இழுத்துடுவானோன்னு பயம்."

வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த தகரத் தடுப்புகளை ஒட்டி ஆட்டோ ஊர்ந்துகொண்டிருந்தது.

அதையும் எழுதிக்கோங்கோ

ஸ்டேஷனில் கலைவாணியின் மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலி. நான் உட்கார்ந்தேன். சார் நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்க சார் என்றதும், உக்காரலாமா என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். கலைவாணி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

சார் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆபீஸ் பழக்கம், முன்னுக்குப் பின் முரண் இல்லாமல் வந்தது. பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் டைப் அடித்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் கலைவாணி, அவ்வளவுதானா சார் என்று கேட்டார்.

"இல்லை. ஒண்ணு இருக்கு" என்றார்.

கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முகத்தைத் துடைக்கவில்லை.

"என் ஒய்ஃபுக்கு ரொம்ப வருஷமா சர்க்கரை. இன்சுலின் ஊசி போட்டுண்டா. ஆனா சாப்பிட எழுந்திருக்க விடலை அவன். கொஞ்ச நேரத்துல சர்க்கரை இறங்கி, அவளுக்கு வேர்த்துக் கொட்ட ஆரம்பிச்சுடுத்து. கை நடுங்கறது, என்னமோ பண்றதுன்னு சொன்னா. சர்க்கரை டப்பா பின்னாடி அலமாரியில இருக்கு. எழுந்தா எட்டிடும்."

நிறுத்தினார். கான்ஸ்டபிள் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை.

"நான் அவளைப் பார்க்கலை. போனைப் பார்த்துண்டு, சார், என் ஒய்ஃபுக்குச் சர்க்கரை குடுக்கலாமான்னு கேட்டேன். இந்தக் கேள்வி முடியட்டும்னான் அவன். சரி சார்னேன். முடிஞ்சு அவன் சரின்னப்பறந்தான் எழுந்து குடுத்தேன். அது வரைக்கும் உக்காந்துண்டிருந்தேன். அவ பக்கத்து நாற்காலியில சரிஞ்சுண்டிருக்கா. நான் அவனுக்குப் பதில் சொல்லிண்டிருக்கேன்."

டைப் சத்தம் நின்றது. வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் பண்ண உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

கலைவாணி மெதுவாகச் சொன்னார். அது உங்க வீட்டு விஷயம் சார், புகாருக்கு அது தேவையில்லை, அவன் சாப்பிட விடாமல் கொடுமைப்படுத்தினான் என்று போட்டாலே போதும் என்றார்.

"அவன் பண்ணினதை அவன் பேர்ல எழுதிக்கோங்கோ. நான் பண்ணினதை என் பேர்ல எழுதிக்கோங்கோ. அது இல்லாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

கலைவாணி என்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கான்ஸ்டபிளை நகரச் சொல்லி, தானே உட்கார்ந்து அந்த வரிகளை அடித்தார். அடித்ததைச் சத்தமாகப் படித்தும் காட்டினார். நான் கேட்டேன், அவன் மறுத்தான், நான் கீழ்ப்படிந்தேன் என்று இருந்தது. சரியா இருக்கு என்று சொல்லிவிட்டு சார் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சார் நேராக உள்ளே போய்விட்டார். நான் என் வீட்டுப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். மாமி வெளியே வந்து கதவை லேசாகச் சாத்திவிட்டு என் பக்கத்தில் நின்றார்.

"எல்லாத்தையும் சொன்னாரா?"

"சொன்னார் மாமி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். எழுதிக்கச் சொல்லிக் கையெழுத்தும் போட்டார்."

மாமி புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். தன் வீட்டுக் கதவைத் திறந்து, வாசற்படியில் நின்றபடியே உள்ளே பார்த்துக் கேட்டார்.

"ஏன்னா, பிரஷர் மாத்திரை போட்டுண்டேளா?"

உள்ளே மாத்திரை டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது.